ரிச்மண்டில் இரண்டு மாதம்

இரண்டு வாரத்துக்கான துணிமணிகளோடுதான் ரிச்மண்டுக்குப் புறப்பட்டேன். எங்கள் வர்ஜீனியா மாநிலம் அமெரிக்க ஒன்றியத்தில் நீடிப்பதா, பிரிவதா என்று பேசி முடிக்க அதற்குமேல் எதற்கு என்பது என் கணக்கு. 1861 பிப்ரவரி 13 அன்று கூடிய மாநாட்டில் நாங்கள் 152 பேர். ஒன்றியத்தை விட்டுவிடக்கூடாது என்பவர்களே பெரும்பான்மை. அவைத்தலைவராகத் தேர்வான ஜான் ஜேன்னியும் எங்கள் கட்சிதான். பிரிவதென்று நாங்கள் முடிவெடுத்தாலும் மக்கள் வாக்கெடுத்து ஒப்பினால்தான் அது செல்லும் என்று வாக்காளர்கள் முன்பே கடிவாளம் போட்டிருந்தார்கள். மலைக்கு அப்பால், வடமேற்கே மொனாங்கஹீலா ஆற்றங்கரையிலிருந்து போன எனக்கு இது போதுமான தைரியம்.

சட்டமன்றமும் அப்போது நடந்துகொண்டிருந்ததால் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் மண்டபத்தை எங்களுக்கு ஒதுக்கினார்கள். மேல்மாடத்தில் பெண்கள் காலையிலேயே வந்து இடம்பிடித்துவிடுவார்கள். பிரிவினைக்காரர் பேசினால் கைத்தட்டல். எங்களில் ஒருவர் எழுந்தால் முணுமுணுப்பு. முதல் வாரத்திலேயே, ஒன்றியத்தைவிட்டு ஏற்கெனவே பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் தூதர்கள் வந்து பேசினார்கள். ஜார்ஜியாவின் பென்னிங் சுற்றிவளைக்கவில்லை. பிரிந்தால் மட்டுமே அடிமைமுறையைக் காப்பாற்ற முடியும், அதனால்தான் பிரிந்தோம் என்றார். மாநில உரிமைக்காகவே எல்லாம் நடந்தது என்று பின்னாளில் பலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அவர் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கறுப்பினப் பணியாள் கணப்புக்கு நிலக்கரி கொண்டுவந்தார். சத்தம் கேட்காதபடி ஒவ்வொரு கட்டியாகக் கையாலேயே எடுத்து வைத்தார். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

இந்த இடத்தில் என் நேர்மையையும் சொல்லிவிடுகிறேன். அவருக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். நான் எழுந்து கேட்டதோ வரிக் கணக்கு. எங்கள் மலைக்காரன் தன் நிலத்துக்கும் மாட்டுக்கும் முழு விலைக்கு வரி கட்டினான். கிழக்கத்திப் பண்ணையாருடைய அடிமைகளில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வரியே இல்லை. அதற்கு மேற்பட்டவர்களுக்குச் சந்தையில் என்ன விலை போனாலும் வரிக்கு 300 டாலர்தான் மதிப்பு. மனிதனை மாட்டோடு சேர்த்து விலைபேசுகிறோமே என்ற உறுத்தல் அன்று எனக்கு வரவில்லை. வந்ததெல்லாம் மாட்டுக்காரனுக்கு அநியாயம் என்ற கோபம் மட்டுமே.

மார்ச் மாதம் பேச்சிலேயே கழிந்தது. ஜான் பால்ட்வின் ஒன்றியத்துக்காக மூன்று நாள் தொடர்ந்து பேசினார். நான் ஒரு சிறிய தாளில் யார் எந்தப் பக்கம் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோடுகளைப் பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருக்கும். ஒன்றை மட்டும் கவனிக்கத் தவறினேன். எங்கள் பக்கத்தவர் பலருடைய பேச்சின் வாலில் ஓர் ‘ஆனால்’ தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றியத்தில் இருப்போம்; ஆனால் தெற்கு மாநிலங்கள்மீது வாஷிங்டன் படையெடுத்தால் இருக்கமாட்டோம். கேட்டுக்கேட்டு அது எனக்குக் கடிதத்தின் அடியில் எழுதும் ‘இப்படிக்கு’ மாதிரி ஆகிவிட்டது. ஏப்ரல் 4 அன்று பிரிவினைத் தீர்மானம் வாக்குக்கு வந்தது. ஆதரித்தவர்கள் 45 பேர். எதிர்த்தவர்கள் அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. அன்றிரவு வீட்டுக்குக் கடிதம் எழுதினேன்: வேலை முடிந்தது, விதைப்புக்கு வந்துவிடுவேன்.

தெற்கில் ஒன்றியப் படை வைத்திருந்த சம்டர் கோட்டை பிரிவினைக்காரரிடம் விழுந்த செய்தி 13ஆம் தேதி வந்தது. தெருவெல்லாம் தீவட்டி. பீரங்கி முழக்கி, தலைமைச் செயலக மாளிகையின் உச்சியில், பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பின் கொடியை ஏற்றிவிட்டார்கள். ஆளுநர் லெட்சர் அதை இறக்கச் சொன்னார். இரண்டு நாளில் குடியரசுத் தலைவர் லிங்கன், பிரிந்தவர்களை அடக்க மாநிலங்களிடம் 75,000 படைவீரர்களைக் கேட்டார். அதில் வர்ஜீனியாவின் பங்கும் உண்டு. தாளில் நான் போட்டிருந்த கோடுகள் அத்தனையும் அன்றோடு பொய்யாகின.

16ஆம் தேதி மேல்மாடத்தைக் காலிசெய்து கதவைச் சாத்தினார்கள். ரகசியக் கூட்டம், வெளியே மூச்சுவிடக்கூடாது. பிரிவினைத் தீர்மானத்தை மறுபடி கொண்டுவந்தவர் வில்லியம் பாலர்ட் பிரஸ்டன். மூன்றே நாளுக்கு முன் லிங்கனை நேரில் கண்டு பேசிவிட்டு வந்த மூவரில் ஒருவர்; என் தாளில் எங்கள் பக்கம் இருந்தவர். மறுநாள் முன்னாள் ஆளுநர் ஹென்றி வைஸ் எழுந்து, நீளக் குழல் துப்பாக்கி ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். வாஷிங்டன் அரசின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கையும் கோஸ்போர்ட் கடற்படைத் தளத்தையும் பிடிக்க ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் என்றார். இன்னும் நாங்கள் வாக்கே போடவில்லை. பிறகு பேசிய யாருடைய முகமும் எனக்கு நினைவில்லை. அந்தத் துப்பாக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பித்தளைப் பூணில் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது.

பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். சிலர் அழுதுகொண்டே ‘ஆம்’ என்றார்கள். ஜூபல் எர்லி ‘இல்லை’ என்றார். அதே எர்லி பின்னால் தெற்கின் தளபதியாகிப் போரிட்டார். ஜேன்னியும் ‘இல்லை’. என் பெயர் வந்தபோது தொண்டை கட்டி, இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. ஆதரவு 88, எதிர்ப்பு 55.

வடமேற்குக்காரர்கள் சிலர் ஒரு விடுதி அறையில் கூடிப் பேசி ஊர் திரும்ப முடிவெடுத்தோம். இரண்டு மாதமாகப் பல்லைக் காட்டிப் பேசிய என் விடுதிக்காரர் மீதிச் சில்லறையை மேசைமேல் வீசினார். ரயில் ஹார்ப்பர்ஸ் ஃபெரியைக் கடக்கையில் எரிந்த கிடங்கின் சுவர்கள் கரிபிடித்து நின்றன. ஊரில் விதைப்பு முடிந்திருந்தது. மே 13 அன்று வீலிங்கில் எங்கள் பகுதியாரின் கூட்டம் நடந்தது. அங்கே தொடங்கியது 1863இல் மேற்கு வர்ஜீனியா என்ற தனி மாநிலமாக முடிந்தது. ஒன்றியத்திலிருந்து பிரியக்கூடாது என்று வாக்களித்த நாங்கள் ரிச்மண்டிலிருந்து பிரிந்தோம்.

மே 23 மக்கள் வாக்கெடுப்பில் பிரிவினை வென்றது. ஜூனில் மாநாடு மறுபடி கூடி, வடமேற்கு உறுப்பினர்கள் பலரை அவையிலிருந்து நீக்கியது. என் பெயரும் பட்டியலில் இருந்ததாக ஒருவர் செய்தித்தாளோடு ஓடிவந்தார். மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, அங்கே விட்டுவந்த கம்பளிச் சட்டையை இனி யார் அனுப்பப்போகிறார்கள் என்று கேட்டாள்.