கில்ட் கட்டிய அன்று

எடின்பரோவில் நண்பன் கல்யாணத்துக்கு வாடகை கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடை) கட்டினேன். எட்டு கஜம் கம்பளித் துணி, இடுப்பில் நல்ல கனம், முன்னால் தொங்கும் ஸ்போரன் பை வேறு. ராயல் மைல் தெருவில் போதையில் வந்த ஒரு பெண்கள் கூட்டம், "உள்ளே என்ன போட்டிருக்கே?" என்று கேட்டுக்கொண்டே வர, ஒருத்தி பின்பக்க மடிப்பைத் தூக்கியே விட்டாள். சட்டென்று சுவரோரம் முதுகைக் கொடுத்து நின்று "கையை எடுங்க" என்றேன், சிரிக்காமல் (சிரித்தால் விளையாட்டு என்று எடுத்துக்கொள்வார்கள்). போனைக் கீழே நீட்டிய இன்னொருத்தியிடம், துணிக்கடியில் படமெடுப்பது ஸ்காட்லாந்தில் 2010 சட்டப்படி குற்றம், கில்ட்டுக்கும் அதேதான் என்றதும் போன் பைக்குள் போய்விட்டது. ஊரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றியிருக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை. இரவு டாக்ஸியில் திரும்பினேன், நண்பனிடம் மழை என்று சொல்லிவிட்டேன்.