எண்ணெய் டின்னுக்கு இரண்டு ஓட்டை

டொரண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில், கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவில் மீன் பிடிப்பதற்காக நானும் மைத்துனனும் பங்கு போட்டு ஒரு பழைய 14 அடி அலுமினியப் படகு வாங்கினோம். மீன் இதுவரை பங்கு போடும் அளவுக்குக் கிடைத்ததில்லை.

முதல் பயணத்தில் வம்பு செய்தது பெட்ரோல் டேங்க். 25 லிட்டர் பிடிக்கும் சிவப்பு பிளாஸ்டிக் டேங்க். நிரப்பினால் கிட்டத்தட்ட 20 கிலோ. அதை மைத்துனன் ரப்பர் கயிற்றால் கட்டியிருந்தான். பெரிய படகு ஒன்று பக்கத்தில் போனது. அந்த அலையில் கயிறு இழுபட, வடம் பிடிக்க ஆளில்லாமலே தேர் புறப்பட்டு, புளிச்சாதத் தூக்கின் மேல் வந்து நிலை சேர்ந்தது.

அடுத்த வாரம் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். படகின் தரைப்பலகையில் டேங்கைச் சுற்றி மரக்கட்டைகளைத் திருகி, மேலே நைலான் பட்டையைப் போட்டு இறுக்கினேன். பிடித்து உலுக்கினால் படகு ஆடியது, டேங்க் ஆடவில்லை. பெட்ரோலையும் படகுக்குள் வைத்து ஊற்றவில்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடியில் போய்த் தங்கிவிடும். எனவே டேங்கைத் தரையில் இறக்கி வைத்து, வெயிலில் பெட்ரோல் விரிவதற்கு இடம் விட்டு நிரப்பினேன். காரில் வாடை வராமலிருக்க மூடியிலுள்ள காற்றுத் திருகையும் இறுக்கினேன். இவ்வளவையும் வழியெல்லாம் மைத்துனனுக்குப் பாடமாகவும் நடத்தினேன். பாவம், இறங்கி ஓட வழியில்லை.

புளிச்சாதத்துக்குக் காவலாக இம்முறை மனைவியும் வந்திருந்தாள்.

கால் மணி நேரம் இன்ஜின் அருமையாக ஓடியது. பிறகு இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் குழாயின் நடுவிலுள்ள ரப்பர் குமிழ் கன்னம் ஒட்டிக் கிடந்தது. நான் ஸ்பார்க் பிளக்கைச் சந்தேகப்பட்டேன். வடிகட்டியைச் சந்தேகப்பட்டேன். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்று விளக்கினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மைத்துனன் ஒன்றும் பேசாமல் துடுப்பை எடுத்தான்.

மனைவி டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எண்ணெய் டின்னுக்கே இரண்டு ஓட்டை போடுகிறோம். இதற்குக் காற்று எந்த வழியாகப் போகும்?"

நான் பதில் சொல்லவில்லை. திருகைத் தளர்த்தினேன். டேங்க் 'உஸ்' என்று மூச்சை இழுத்தது. குமிழை நான்கு முறை அமுக்கியதும் அதன் கன்னம் உப்பியது. இன்ஜின் ஒரே இழுப்பில் உயிர்பெற்றது.

கரையில் வெயில் பட்டு டேங்க் பூரி போல உப்பியிருந்தது. அந்த அழுத்தம்தான் முதல் கால் மணி நேரம் பெட்ரோலைத் தள்ளியிருக்கிறது. அது தீர்ந்ததும், போன பெட்ரோலின் இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் அடைத்துக்கொண்டது. இதையும் விளக்கத்தான் வாயைத் திறந்தேன்.

மைத்துனன் துடுப்பைக் கீழே வைத்தான். "ஆனால் அத்தான், டேங்க் கொஞ்சம்கூட அசையவில்லை."