தலைப்புக்கு கேப்பிட்டல் போடுவது யார் வேலை?

ஆங்கில ஆய்வேடுகளை லேடெக்கில் (கட்டளைகள் எழுதி ஆவணத்தை வடிவமைக்கும் மென்பொருள்) வடிவமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. வருகிற கோப்பில் என் கண் முதலில் போவது பிரிவுத் தலைப்புகளுக்குத்தான். முதல் அத்தியாயத்தில் முழுக்க கேப்பிட்டல் எழுத்து, அடுத்ததில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்து மட்டும், அதற்கடுத்ததில் மனம் போன போக்கு. தமிழில் இந்த வம்பே கிடையாது, நாம் கொடுத்து வைத்தவர்கள்.

என் கட்சி இதுதான்: மூலக் கோப்பில் தலைப்பைச் சாதாரண வாக்கியம் மாதிரி அடியுங்கள். முதலெழுத்து, பெயர்கள், சுருக்கங்கள் மட்டும் கேப்பிட்டல். அதை முழு கேப்பிட்டலாக மாற்ற லேடெக்குக்கு ஒரு நொடி போதும். முழு கேப்பிட்டலில் அடித்துவிட்டால், அதில் எது ஆள்பெயர், எது வெறும் சொல் என்று பிரித்தெடுக்க எந்தக் கட்டளையும் உதவாது.

மாற்றுகிற இடமும் முக்கியம். சிலர் தலைப்பைக் குறிக்கும் ஒவ்வொரு செக்‌ஷன் கட்டளைக்குள்ளும், எழுத்துகளை முழு கேப்பிட்டலாக்கும் மேக்அப்பர்கேஸ் கட்டளையை எழுதி வைக்கிறார்கள். பொருளடக்கமும் சேர்ந்து கேப்பிட்டலில் கத்தும். அதற்குப் பதிலாக, டைட்டில்செக் தொகுப்பை (லேடெக்கோடு கூடுதலாகச் சேர்க்கிற கட்டளைத் தொகுதி) ஏற்றி, தலைப்பின் தோற்றத்தை அமைக்கும் டைட்டில்ஃபார்மட் கட்டளையின் கடைசி அடைப்புக்குள் மேக்அப்பர்கேஸ் என்று ஒரே ஒரு முறை போடுங்கள். தலைப்பு தானாகவே அதற்குள் போய் விழும். பொருளடக்கம் அடித்தபடியே இருக்கும். ஆய்வு மேற்பார்வையாளர் பிறகு மனம் மாறினாலும் ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது.

ஒரே ஆபத்து, அலகுகள். தலைப்பில் '10 மில்லிவாட்' என்பதைச் சின்ன எம், பெரிய டபிள்யூ என்று சுருக்கி எழுதியிருந்தால், இந்தக் கட்டளை சின்ன எம்மையும் பெரிதாக்கி அதை 10 மெகாவாட் ஆக்கிவிடும். நூறு கோடி மடங்கு! அந்த இடத்தை மட்டும் நோகேஸ்சேஞ்ச் கட்டளைக்குள் வைத்தால் தொடாது. முன்பு அதற்கு டெக்ஸ்ட்கேஸ் தொகுப்பு தேவைப்பட்டது. 2022 முதல் லேடெக்கிலேயே இருக்கிறது.

உண்மையான தலைவலி டைட்டில் கேஸ், அதாவது முக்கியமான சொற்களின் முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கும் முறை. டைட்டில்கேப்ஸ் என்று ஒரு தொகுப்பு உண்டு. சின்ன எழுத்திலேயே இருக்க வேண்டிய சொற்களை நாம் பட்டியலாகக் கொடுத்தால், மற்ற சொற்களின் முதலெழுத்தை அது பெரிதாக்கும். பட்டியலில் எதைச் சேர்ப்பது? 'பிட்வீன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ எழுத்துநடை முறையில் நான்கு எழுத்தோ அதற்கு மேலோ உள்ள சொல்லுக்கெல்லாம் கேப்பிட்டல், ஆக இதற்கும் உண்டு. இன்னொரு எழுத்துநடை நூலான சிகாகோ கையேடு அதைச் சின்ன எழுத்திலேயே வைத்திருந்து, 2024இல் வந்த 18ஆம் பதிப்பில்தான் பெரிய எழுத்துக்கு மாறியது. போதாக்குறைக்கு 'இன்': 'லாகிங் இன்' என்றால் வினையோடு ஒட்டியது, கேப்பிட்டல் வேண்டும், 'எரர்ஸ் இன் மெஷர்மென்ட்' என்றால் வேண்டாம். சொல்லை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிற தொகுப்புக்கு இந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

டைட்டில் கேஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒவ்வொரு தலைப்பையும் கையால் திருத்திக் கொடுக்கிறேன். அதற்குத் தனிக் கூலி.