சரிம்மா

"தம்பி, அவரு பேசி வச்சிருக்காரே, அதுதான் மொதல்ல வேணும். போட்டோ, கோயில் கணக்கெல்லாம் வந்தா வரட்டும்."

"சரிம்மா."

கெட்டுப்போன டிரைவிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டுக் கொடுப்பது என் தொழில். ஓர் அம்மா தன் கணவர் பேசிப் பதிவு செய்து வைத்திருந்த டிரைவைக் கொண்டுவந்தார். நடந்த பேச்சு இவ்வளவுதான். அந்தச் "சரிம்மா"வை எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதாக நினைவில்லை. டிரைவைக் காதோடு சேர்த்து வைத்து, உள்ளே ஹெட், அதாவது சுற்றும் தட்டில் இருப்பதைப் படிக்கிற சின்ன முனை, தடுமாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் பேசி முடித்ததும் வாயில் தானாக வருகிற "சரி" ஒன்று உண்டு. காதில் விழுந்தது என்பதற்குத்தான் அது அடையாளம். நான் சொன்னது அது. அவர் வாங்கிக்கொண்டு போனது வேறு.

1 டிபி எக்ஸ்டர்னல் டிரைவ். விழவில்லை, நனையவில்லை. ரங்கூனில் டிரைவ் கெட்டுப்போக விழத் தேவையில்லை. கரண்ட் போகிற நொடியில், தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிற வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து, ஹெட்டை அவசரமாக ஓரத்துக்கு இழுத்துக்கொள்ளும். முறையாக நிறுத்தும்போது மெல்ல நடக்கிற வேலை அப்போது முரட்டுத்தனமாக நடக்கும். இப்படி எத்தனை முறை இழுத்தது என்று டிரைவே எழுதி வைத்திருக்கும். டிரைவ் தன் உடல்நிலையைக் குறித்து வைக்கிற ஸ்மார்ட் பட்டியலில் 192ஆம் எண்ணுக்கு நேரே பார்க்கலாம். இந்த டிரைவில் அந்த எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

கரண்ட் திரும்பி வரும்போது தெருவே "மீ லாப்யீ", கரண்ட் வந்துருச்சு என்று பர்மியில் கூவும். பிள்ளைகள் கை தட்டும். அந்த நொடியில்தான் எனக்குப் பாதி வேலை வந்து சேர்கிறது. திடீரென ஏறி வரும் வோல்டேஜ், டிரைவின் சர்க்யூட் போர்டில் இருக்கும் சின்ன டையோடைச் சுட்டுவிடும். போர்டைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்த டையோடு அது. தான் செத்து மற்றதைக் காப்பாற்றும். அதை எடுத்துவிட்டால் டிரைவ் எழுந்துவிடும், பத்து நிமிட வேலை. ஆட்கள் கும்பிடுவார்கள். அப்படிப்பட்ட நாட்கள்தான் என்னைக் கெடுத்துவிட்டன என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும், சொன்னால் இவர்களுக்குப் புரியாது என்ற எண்ணம் அங்கேதான் ஊறியது.

இந்த டிரைவில் போர்டு நன்றாக இருந்தது. நாலு ஹெட்டில் ஒன்று தளர்ந்திருந்தது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். தளர்ந்தது 2ஆம் ஹெட். நாலைந்து இடத்தில் சோதித்துப் பார்த்தேன். படித்தது. தயங்கித் தயங்கி, ஒரே இடத்தைப் பலமுறை தடவி, ஆனால் படித்தது. மற்ற மூன்றும் சுத்தம்.

இதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் நான் செய்தது வெறும் அலட்சியமாகத் தெரியும். அலட்சியம் இல்லை அது.

தளர்ந்த ஹெட் இருக்கிற டிரைவில் எங்கள் வழக்கம், நல்ல ஹெட்டுகள் படிக்கிற பகுதியை முதலில் இமேஜ் எடுப்பது, அதாவது அப்படியே பிரதி எடுப்பது. பிசி-3000 போன்ற மீட்புக் கருவியில் எந்த செக்டர், அதாவது தட்டின் எந்தச் சின்னத் துண்டு, எந்த ஹெட்டின் கீழ் வருகிறது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளலாம். மூன்று ஹெட்டை ஓட்டி முடித்துவிட்டு, கடைசியில் நோயாளி ஹெட்டைத் தொடுவது. நோயாளியை முதலில் தொட்டால், படிக்க முடியாத இடத்தில் அது திரும்பத் திரும்ப முயன்று, ஹெட்டை ஓரத்தில் மோதி, சில சமயம் டிரைவே பதில் சொல்லாமல் உறைந்துவிடும். அப்புறம் நல்ல ஹெட்டுகளும் கிடைக்காது. எத்தனையோ பேர் கம்ப்யூட்டரில் செருகி ஏதோ ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேரை இரவு முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் என்னிடம் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எடுக்கக்கூடியதை முதலில் எடு என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். 2ஆம் ஹெட்டைப் படிக்காதே என்று கருவிக்குச் சொன்னால் அது படிக்காது, அவ்வளவுதான். ஹெட் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளாது. நாலும் ஒரே கையில் கோத்தவை. ஒன்று எங்கே போகிறதோ மற்றவையும் அங்கே போகும். நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டுக்கு மேலே, முடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில், அந்த நோயாளி ஹெட்டும் மிதந்துகொண்டே இருக்கும். மூன்று ஹெட்டை முடிக்க எனக்கு 31 மணி நேரம் ஆனது. அந்த 31 மணி நேரமும் அதை அலைய விட்டேன்.

அந்தம்மா கேட்ட குரல் பதிவுகள் எங்கே இருக்கின்றன என்று எனக்கு முன்பே தெரியும். இதை யாரிடமும் சொன்னதில்லை. கோப்புகளின் பட்டியல் 0ஆம் ஹெட்டில் இருந்தது, அதைத்தான் முதலில் எடுத்தேன். 23 பதிவுகள். கைபேசியிலிருந்து ஒரே மூச்சில் நகலெடுத்தவை, அதனால் தட்டிலும் வரிசையாகவே உட்கார்ந்திருந்தன. முதல் 6 பதிவுகள் 1ஆம் ஹெட்டில். அதை அடுத்த 17ம் 2ஆம் ஹெட்டில். எல்லாம் சேர்த்து சுமார் 140 எம்பி. நல்ல டிரைவில் இரண்டு விநாடி வேலை. தளர்ந்த ஹெட்டில் ஒரு மணி நேரம் ஆகியிருக்கலாம், இரண்டு ஆகியிருக்கலாம்.

கடையில் என்னோடு இருக்கும் பையன் திரையைப் பார்த்துவிட்டு, "சயா, வாய்ஸ் மொதல்லன்னு அந்தம்மா சொன்னாங்களே" என்றான். சயா என்றால் பர்மியில் வாத்தியார். "எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குடா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தொழிலை என்னிடம் கற்றுக்கொள்கிறவன், அவன் என்ன சொல்வான்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தம்மாவின் கணவர் பல ஆண்டுகள் கோயில் கணக்கைப் பார்த்தவர். சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு அங்கேயே அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவர். எங்கள் பக்கத்தில் பலர் அவரைச் சயா என்றுதான் கூப்பிடுவார்கள். கோயில் ஆட்களுக்கு அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. அந்தம்மாவை என்னிடம் கூட்டி வந்தவரே கமிட்டிக்காரர்தான். இரண்டு தடவை போன் செய்து "கணக்கு வந்துருச்சா தம்பி?" என்று கேட்டார். கணக்குக் கோப்புகளில் பெரும்பகுதி நல்ல ஹெட்டுகளில் இருந்தது. என் முறையும் அவர் அவசரமும் ஒரே திசையில் இருந்தன. அவருக்காகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். அவர் போன் செய்யாமல் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேனா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்ல வாய் வருகிறது; மனம் சற்றுப் பின்னால் நிற்கிறது.

இரண்டாம் நாள் இரவு மூன்று ஹெட்டும் முடிந்தது. இன்வெர்ட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2ஆம் ஹெட்டைத் திறந்தேன். மேலோட்டமாகத் தாண்டித் தாண்டிப் படிக்க வைத்தேன். மூன்றில் ஒரு பங்கு வரை வந்தது. அப்புறம் அந்தச் சத்தம். டக், டக், டக். தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். உடனே மின்சாரத்தை எடுத்தேன். மறுநாள் காற்றை வடிகட்டும் பெட்டிக்குள் வைத்துத் திறந்தேன். தட்டில், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிற மாதிரி, மெல்லிய வளையம். அந்த இடத்தில் இருந்தது தூளாகிப் போயிருந்தது. அதன் மேல் வேறு டிரைவின் ஹெட்டை மாற்றி வைத்தால் புது ஹெட்டும் சாகும், தூள் மற்ற இடத்துக்கும் பரவும். மூடி வைத்துவிட்டேன்.

அந்த வளையம் எப்போது விழுந்தது? அதுதான் தெரியவில்லை. கடைசி அரை மணியில் விழுந்திருந்தால், 17 பதிவுகளை முதலில் எடுக்கப் போயிருந்தாலும் அப்போதே விழுந்திருக்கலாம், மற்ற எல்லாமும் போயிருக்கும். 31 மணி நேர அலைச்சலில் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்ததென்றால், அந்தம்மா சொன்னபடி செய்திருந்தால் போதும், 17ம் கையில் இருந்திருக்கும். இரண்டுமே நடக்கக்கூடியவை. பகலில் முதலாவதை நம்புகிறேன், ராத்திரியில் இரண்டாவது வருகிறது.

அந்தம்மா வந்தார். தேநீர் வரவழைத்தேன். அவர் தொடவில்லை.

"எவ்வளவு கெடச்சுது தம்பி?"

"நூத்துக்கு 83 வந்துருச்சும்மா."

83. பொய் இல்லை. மூன்று ஹெட்டில் முழுசாக வந்தது, நாலாவதில் வந்த மூன்றில் ஒரு பங்கு, கூட்டினால் அதுதான். எங்கள் தொழிலில் பெருமையாகச் சொல்லக்கூடிய எண். அவர் கொஞ்ச நேரம் அந்த எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்:

"அவரு பேசுனது எத்தன இருந்துச்சு, எத்தன வந்துருக்கு?"

"6 வந்துருக்கும்மா" என்றேன். எத்தனை இருந்தது என்பதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை. டிரைவ் நடுவில் நின்றுபோனதாகச் சொன்னேன். அதுவும் பொய் இல்லை. எதை முதலில் எடுப்பது என்று தீர்மானித்தது நான்தான், அதற்கு முன்னால் உங்களிடம் சரி என்று சொல்லியிருந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

முன்பே இன்னொரு காரியம் செய்திருந்தேன். படிக்க முடியாமல் போன கோப்பைக் கருவி அதே பெயரில், அதே அளவில் வைத்துக் கொடுக்கும். உள்ளே வெறும் பூஜ்யங்கள். திறந்தால் ஒன்றும் ஒலிக்காது. அப்படி 17 கோப்புகள் இருந்தன. புது டிரைவில் நகலெடுப்பதற்கு முன் அந்த 17ஐயும் அழித்தேன். பெயரைப் பார்த்து, அழுத்தி, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் அவரை நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெயர்கள் அங்கே இருந்திருந்தால் அவரே எண்ணியிருப்பார். என்னைக் கேட்டிருப்பார். அந்தக் கேள்வியிலிருந்து யாரைக் காப்பாற்றினேன்?

கூலியில் பாதி வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பார், காரணம் சொல்ல வேண்டி வரும். அதனால் வாங்கினேன். கியாட் நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி எண்ணிக் கொடுத்தார். அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

என் தொழில்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "நீ செய்தது நூற்றுக்கு நூறு சரி, வாடிக்கையாளருக்கு ஹெட் பற்றி என்ன தெரியும்" என்றார். உண்மைதான், அந்தம்மாவுக்கு ஹெட் தெரியாது. ஆனால் அவர் என்னிடம் ஹெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. எதை இழக்க முடியும், எதை இழக்க முடியாது என்றுதான் சொன்னார். கணக்கும் போட்டோவும் போனாலும் போகட்டும் என்று அவர் தெளிவாகவே சொல்லியிருந்தார். ஒருவேளை எல்லாமே போயிருந்தால், அது அவர் தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும். "இப்படிச் செய்தால் எல்லாமே போகலாம், பரவாயில்லையாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு போன். கேட்டிருந்தால் அவர் பயந்து என் முறைக்கே ஒத்துக்கொண்டிருப்பார், பெரும்பாலும். அப்போது பதிவுகள் போயிருந்தாலும் இப்படி இருக்காது எனக்கு.

இதற்குப் பிறகும் அதே முறையில்தான் வேலை செய்கிறேன். நல்ல ஹெட்டுகள் முதலில். போன மாதம்கூட ஒருவர் கல்யாண வீடியோ முதலில் வேண்டும் என்றார். "அப்படி எடுக்கமாட்டேன், வேறு இடம் பாருங்க" என்றேன். முகம் சுளித்துவிட்டுக் கொடுத்துப் போனார். அவர் கேட்டது முழுசாக வந்தது. அது என்னைச் சரி என்று காட்டுகிறதா என்றால், இல்லை, அந்த டிரைவ் வேறு.

பழைய டிரைவ் என் அலமாரியில், ஈரம் புகாத உறையில் இருக்கிறது. அந்தம்மா திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அந்தப் பட்டியலும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெயர்களை அவர் கணவர் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். "அப்பா நடந்த கதை" 1 முதல் 9 வரை. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடந்ததாக இருக்கும்; எங்கள் வீட்டிலும் பாட்டி ஒரு கதை வைத்திருந்தார், நான் பதிவு செய்யவில்லை. "100 கியாட் நோட்டு" என்று ஒன்று. 1964 மே மாதம் 50, 100 நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போனதைச் சொல்லியிருப்பார். "அண்ணன் கப்பல் ஏறுன நாள்." "ஸ்கூல் மூடுனப்போ." கடைசிப் பெயர் அந்தம்மாவுடையது, பெயர் மட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை. 11 நிமிடப் பதிவு.

போன தைப்பூசத்தன்று கோயிலில் பார்த்தேன். "நல்லா இருக்கியா தம்பி" என்று கேட்டுவிட்டு, வந்த 6 பதிவையும் பேரன் தினமும் போட்டுக் கேட்கிறான் என்று சொன்னார். பட்டியலை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். பிரசாதம் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.