160-இல் நின்றுபோன விரல்கள்

நீதிமன்றச் சுருக்கெழுத்தர் வேலைக்காக ஆங்கில ஸ்டெனோ மெஷின் பயிற்சியில் சேர்ந்தபோது, டைப்பிங் தெரிந்திருப்பதால் சுலபமாக வரும் என்றார்கள். வரவில்லை. மெஷினில் மொத்தமே 22 விசைகள். பியானோ வாசிப்பதுபோல் பலவற்றை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். இடக்கையில் சொல்லின் முதல் ஒலி, கட்டைவிரல்களில் உயிரொலி, வலக்கையில் கடைசி ஒலி. ஆங்கில 'என்' (N) எழுத்துக்கு இடப்பக்கம் விசையே கிடையாது; டி, பி, எச் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதுதான் என்! இந்த அடிப்படைக்குத் 'தியரி' என்று பெயர். உட்கார்ந்து படித்தால் வந்துவிடும்.

படுத்துவது அதற்கு அப்புறம் வரும் வேகம்தான். நீதிமன்றச் சுருக்கெழுத்தர்களுக்கான அமெரிக்காவின் ஆர்பிஆர் (Registered Professional Reporter) சான்றிதழுக்கு மூன்று பகுதிகளில் எழுத வேண்டும்: உரைநடை நிமிடத்துக்கு 180 சொற்கள், நீதிபதி ஜூரிக்குச் சொல்லும் அறிவுரை 200, சாட்சி விசாரணை 225. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், 95 சதவீதத் துல்லியம். தனித்தனியாகத் தேறலாம் என்பது ஒரு ஆறுதல்.

நான் 160-இல் மாட்டிக்கொண்டேன். மாதக்கணக்கில் அசையவில்லை. விரல் வேகம் போதவில்லை என்று தோன்றும்; உண்மையில் தடை காதுக்கும் விரலுக்கும் நடுவில் இருந்தது. ஒரு சொல் கை நழுவினால் மனம் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும், அதற்குள் அடுத்த ஐந்து சொற்கள் போய்விடும். 180-இல் ஒலிப்பதிவை ஓடவிட்டு, தவறினால் தவறட்டும் என்று தொடர்ந்து எழுதி, பிறகு 160-க்குத் திரும்பச் சொன்னார் ஆசிரியர். பழைய வேகம் மந்தமாகக் கேட்டது! நீதிமன்றத்தில் இப்படி விட முடியாது, அங்கே குறுக்கிட்டுத் திரும்பச் சொல்லக் கேட்க வேண்டும். ஆனால் பயிற்சிக்கு இது அவசியம்.

நீண்ட சொல்லையோ தொடரையோ ஒரே அழுத்தில் எழுதும் சுருக்கக் குறிகளை நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யோசித்து எழுதும் குறி, முழுதாக எழுதுவதைவிட மெதுவானது. கேள்விக்கு இடப்பக்க விசைகள் மொத்தமாக, பதிலுக்கு வலப்பக்க விசைகள் மொத்தமாக என்று பேசுபவரைப் பிரிக்கும் குறிகள் மட்டும் கையில் ஊறியே ஆக வேண்டும்.

பணியில் உள்ள ஒருவரோடு கூட இருந்து பார்த்தபோதுதான் மீதி புரிந்தது. சாட்சி தலையாட்டினால் பதிவாகாது. வாயால் சொல்ல வைக்க வேண்டும். இரண்டு வழக்கறிஞர்கள் ஒரே நேரத்தில் பேசுவார்கள். விசாரணை முடிந்த பிறகு பிரதியைத் திருத்தவே மாலை நேரம் போகும். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

மெஷின் விலை அதிகம். முதலில் பிளோவர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, பல விசைகளை ஒன்றாக அழுத்தினாலும் எல்லாவற்றையும் பதிவு செய்யும் கீபோர்டு ஒன்றில் பழகிப் பாருங்கள். தியரி பிடித்திருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.