ஆபரேஷனுக்கு 14 மாசம் கழிச்சு என் பையன் மறுபடியும் மேட்ச்ல பிட்ச் பண்ணினான்

நாங்க டல்லாஸ் பக்கத்துல இருக்கோம், பையனுக்கு இப்ப 17 வயசு, 12 வயசுலேர்ந்து பேஸ்பால்ல பந்து எறியற பிட்ச்சர். 2024 மார்ச்ல ஒரு ஸ்கூல் மேட்ச்ல ஃபாஸ்ட்பால் ஒண்ணு போட்டான், அது கேட்ச்சர் தலைக்கு மேல போச்சு, இவன் முழங்கையை பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டான். "உள்ள டப்புன்னு ஏதோ விட்டுச்சும்மா"ன்னான். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருந்துச்சு.

எம்ஆர்ஐல யுசிஎல் கிழிஞ்சிருக்குன்னு வந்துச்சு. முழங்கையோட உள்பக்கத்துல மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் சேர்த்துப் பிடிச்சு வச்சிருக்கற லிகமெண்ட் அது. இதுக்கு பண்றதுதான் டாமி ஜான் சர்ஜரி. 1974ல டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதல்முதலா டாட்ஜர்ஸ்ங்கற டீமோட பிட்ச்சர் டாமி ஜானுக்கு பண்ணதால அந்தப் பேரு, அவர் 1976ல திரும்பி வந்து 1989 வரைக்கும் ஆடியிருக்கார். நான் அன்னிக்கு ராத்திரி தூங்காம படிச்சதுல அந்த 1989ங்கற நம்பர்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட வச்சுது.

சர்ஜன் பையனை கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கச் சொன்னார். நடுவுல கயிறு மாதிரி ஒண்ணு புடைச்சுக்கிட்டு நின்னுச்சு. அந்த டெண்டனை (தசையை எலும்போட சேர்க்கற நார்) எடுத்து, முழங்கை ரெண்டு எலும்புலயும் துளை போட்டு கோத்துக் கட்டுவாங்களாம். சில பேருக்கு அந்த டெண்டனே இருக்காதாம், அவங்களுக்கு தொடையிலேர்ந்து எடுப்பாங்களாம். மே மாசம் ஆபரேஷன் முடிஞ்சுது. திருச்சிலேர்ந்து எங்கம்மா வீடியோ கால்ல கை அசையாம இருக்க மாட்டியிருந்த பிரேஸைப் பார்த்துட்டு "எதுக்குடி அந்தப் பந்தையே எறியணும் அவன், வேற எதாவது விளையாடட்டுமே"ன்னு அழுதாங்க. எனக்கும் பதில் சொல்லத் தெரியல.

எப்படி கிழிஞ்சுதுன்னு நானும் என் வீட்டுக்காரரும் பழைய காலண்டரை எல்லாம் எடுத்து வச்சு உக்காந்தோம். மேஜர் லீக்கும் (இங்க இருக்கற பெரிய புரொஃபெஷனல் லீக்) யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து சின்னப் பசங்களுக்காகப் போட்ட பிட்ச் ஸ்மார்ட் கணக்குப்படி 15, 16 வயசுல ஒரு நாளைக்கு 95 பந்துக்கு மேல கூடாது, 76 இல்ல அதுக்கு மேல போட்டா 4 நாள் ரெஸ்ட், வருஷத்துல 4 மாசமாவது பிட்ச் பண்ணாம இருக்கணும். இவன் ஸ்கூல் சீசன் முடிஞ்சதும் செலக்ட் டீம் (ஆள் தேர்ந்தெடுத்து ஆடற கிளப் டீம்), அது முடிஞ்சதும் ஃபால் பால் (இலையுதிர் கால சீசன்), நடுவுல தனி கோச்சிங், சேர்ந்தாப்ல மூணு வாரம்கூட கை சும்மா இருந்ததில்ல. ஒவ்வொரு கோச்சும் அவங்கவங்க மேட்ச்ல சரியாத்தான் எண்ணினாங்க, ஆனா மொத்தத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டியது நாங்கதான், நாங்க பார்க்கல. இதைப் படிக்கிற பெத்தவங்க தயவுசெஞ்சு ஒரே நோட்டுல எல்லா டீம் கணக்கையும் எழுதுங்க, பிராக்டிஸ்ல போடற பந்தையும் சேர்த்து.

முதல் நாலு மாசம் பிரேஸ், பிசியோ, ஸ்பாஞ்ச் பந்தைப் பிடிச்சு அமுக்கறதுன்னு ஓடிடுச்சு. கஷ்டம் அதுக்கப்புறம்தான். வலி போயிடும், கை நீட்டும் மடக்கும், பையன் நல்லாயிட்டேன்னு நினைப்பான், ஆனா வச்சுக் கட்டின டெண்டன் லிகமெண்ட்டா மாற பல மாசம் ஆகும், வலி இல்லைங்கறதுக்காக எறியக் கூடாது. 16 வயசுப் பையன்கிட்ட இதை தினமும் சொல்லிக்கிட்டே இருக்கணும்.

அந்த செப்டம்பர்ல, 12ஆம் தேதி, மேஜர் லீக் டீம் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு பிட்ச்சர் குமார் ராக்கர் முதல் மேட்ச் ஆடினார். அவங்கம்மா இந்திய வம்சாவளி, எங்க வீட்ல அதனாலயே அவர் மேல தனிப் பாசம். அவருக்கும் இதே ஆபரேஷன், 2023 மே. சியாட்டில்ல நாலு இன்னிங்ஸ்ல 7 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டரை அவுட் ஆக்கறது). பையன் டிவி முன்னாடி பிரேஸ் போட்டிருந்த கையைத் தடவிக்கிட்டே மாசத்தை எண்ணினான், "16 மாசம்மா, 16 மாசம்"னு.

அக்டோபர்ல முதல் தடவை எறிஞ்சான். 45 அடி தூரம், 25 பந்து, ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் 60, 90, 120. ஜனவரில 120 அடில முன்கை வலிக்க ஆரம்பிச்சுது, பிசியோ திரும்ப 90க்கே இறக்கிட்டாங்க. கார்ல வரும்போது ஒரு வார்த்தை பேசல, வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தினதும் அழுதான். நானும் அழுதேன். ரெண்டு வாரத்துல வலி நின்னுச்சு, அதுதான் நாங்க பட்ட பெரிய பயம். (ஆபரேஷன் பண்ணா வேகம் கூடும்னு சில பெத்தவங்க சொல்வாங்க, அதை நம்பாதீங்க, எங்க சர்ஜன் அதை அடிச்சுச் சொன்னார்.)

மார்ச்ல பிராக்டிஸ்ல மவுண்ட் (பிட்ச்சர் நின்னு எறியற மண் மேடு), ஃபாஸ்ட்பால் மட்டும், பாதி வேகம். சேஞ்சப் (வேகம் குறைச்சுப் போடறது), கர்வ் (வளைஞ்சு போறது) எல்லாம் அப்புறம்.

2025 ஜூலைல ஒரு டோர்னமெண்ட்ல ஒரே ஒரு இன்னிங்ஸ் குடுத்தாங்க, 20 பந்துதான் லிமிட். முதல் பேட்டருக்கு நாலு பந்தும் வெளிய போச்சு, வாக், அதாவது அவன் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போயிட்டான். எனக்கு கை நடுங்கிடுச்சு. அடுத்தவன் ஸ்ட்ரைக்அவுட், மூணாவது ஆள் அடிச்ச பந்துல டபுள் ப்ளே, ஒரே பந்துல ரெண்டு பேர் அவுட். மொத்தம் 13 பந்து. இறங்கி வந்தவன் ஸ்கோரைக் கேக்கல, வேலி கிட்ட வந்து கையை முழுசா நீட்டிக் காட்டிட்டு, "13ன்னு எழுதிக்கோம்மா, வார்ம்அப்ல 22"ன்னான். எழுதிக்கிட்டேன். அடுத்தது வர்ற சனிக்கிழமை, 30 பந்து வரைக்கும் போகலாம்னு சொல்லியிருக்காங்க.