சிட்னிக் கடலில் கால் நனைக்குமுன்

ஊரில் சுறா என்றால் வறைதான் நினைவுக்கு வரும். சிட்னியின் பென்டில் ஹில்லிலோ ஹோம்புஷ்ஷிலோ குடியேறிய முதல் கோடையில் அதே பெயர் பிள்ளைகளின் கடற்கரைப் பயணத்தையே நிறுத்திவிடும். அவுஸ்திரேலியா முழுவதிலும் சுறா கடித்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று பேரளவில்தான். கரையோரங்களில் மூழ்கி இறப்பவர்கள் நூறுக்கும் மேல். ஆகவே உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் குளிப்பதுதான் முதல் பாதுகாப்பு.

அடுத்து, "அங்கே வலை போட்டிருக்கு" என்ற பேச்சு. இங்கே வலை இரண்டு வகை. துறைமுகத்துக்குள் நீல்சன் பார்க் போன்ற இடங்களில் குளிக்கும் பகுதியைச் சுற்றி அடைத்துக் கட்டுவார்கள். அது கிழியாதவரை நம்பலாம். பொண்டை போன்ற திறந்த கடற்கரைகளில் 1937 முதல் போட்டுவருவது மீன்பிடி வலை மாதிரி. 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். கிடப்பதோ 10 முதல் 12 மீட்டர் ஆழத்தில். சுற்றியும் வரலாம், மேலாலும் வரலாம். சிக்கும் சுறாக்களில் ஏறத்தாழ 40 வீதம் கரைப்பக்கத்தில், திரும்பிப் போகும்போதுதான் சிக்குகின்றன. குளிர்காலத்தில் இந்த வலையும் இல்லை.

ஷார்க்ஸ்மார்ட் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அடையாளக் கருவி பொருத்திய சுறா கரையோர ஒலிவாங்கிக்கு அருகே வந்தால் தகவல் வரும். கருவி இல்லாத சுறாவை அது அறியாது. செயலி சத்தமில்லாமல் கிடந்தால் கடல் சுத்தம் என்று எண்ணவேண்டாம். கனமழைக்குப் பின் கலங்கிய நீரிலும், விடியலிலும், பொழுதுபடும் நேரத்திலும் இறங்காதீர்கள். ஆறு என்று பரமட்டா ஆற்றையும் நம்பமுடியாது: வெப்பமான மாதங்களில் காளைச் சுறா உள்ளே ஏறும்.

சைரன் ஒலித்தாலோ சிவப்பு வெள்ளைக் கட்டக் கொடி ஏறினாலோ உடனே கரைக்கு வாருங்கள். யாரையாவது கடித்துவிட்டால் அந்தக் கடற்கரையையும் அண்டியவற்றையும் பொதுவாக ஒரு நாளாவது மூடிவைப்பார்கள்.

கடிபட்டவர் இறப்பது பெரும்பாலும் இரத்தப்போக்கால். அலை எட்டாத இடம் வந்ததும் கிடத்துங்கள். கார் நிற்கும் இடம்வரை தூக்கிக்கொண்டு ஓடுவதில் போகும் நிமிடங்கள்தான் உயிர். தொடையில் காயம் என்றால், இடுப்பெலும்புக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில், கவட்டு மடிப்பில், முஷ்டியை வைத்து உடல் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தவேண்டும். அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் இந்த முறை இரத்த ஓட்டத்தை 90 வீதமளவு குறைத்தது. அலைச்சறுக்குப் பலகையின் கால்கயிற்றால் கட்டியது 44 வீதமளவுதான். நீச்சலுடையைக் கழற்றி நேரம் போக்கவேண்டாம், அதன் மேலாகவே அழுத்தலாம். அழுத்துபவர் கையை எடுக்கக்கூடாது. களைத்தால் இன்னொருவர் முஷ்டி வந்தபின் எடுக்கலாம்.

இரத்தம் நிறுத்தும் பட்டி (tourniquet) கிடைத்தால் காயத்துக்கு 5 சென்ரிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாமல், இரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். வலி தாங்காமல் அவர் கத்துவார். இரங்கித் தளர்த்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கட்டிய நேரத்தைக் குறியுங்கள்.

அதே வேளை இன்னொருவர் 000 அழைத்து "அம்புலன்ஸ்" என்று சொல்லி, கடற்கரையின் பெயரையும் கிட்டிய தெருவையும் கொடுக்கவேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் "ரமில்" (Tamil) என்றால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். உலர்ந்த துவாயால் போர்த்துங்கள். தாகம் என்று கேட்பார். தண்ணீரோ ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன தேநீரோ கொடுக்கவேண்டாம், அவர் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்.